இனி ஒன்று வேண்டாம் என்னும் சூளுரை

செல்லப் பிராணி ஒன்று இறந்துபோன வீட்டில் இரண்டு குரல்கள் எழுவதை நாம் அறிவோம். "இன்னொரு குட்டியைக் கொண்டுவந்தால் சரியாகிவிடும்" என்பது ஒரு குரல். அது பெரும்பாலும் அக்கம்பக்கத்தாருடையது. "இனி இந்த வீட்டில் ஒன்றும் வேண்டாம்" என்பது மற்றொரு குரல். அது, இறந்த உயிர் பால் குடித்த கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தவருடையது. இறந்தது ஒரு பூனையாகவும், அதன் இறப்புக்குக் காரணம் தொற்றுநோயாகவும் இருந்துவிட்டால் இரண்டாவது குரல் இன்னும் உரத்து ஒலிக்கும். நோய் இன்னமும் இந்தச் சுவர்களுக்குள் தங்கியிருக்குமோ என்னும் அச்சமும், தெருவிலிருந்து அதைக் கொண்டுவந்தது நம் காலணிதானோ என்னும் குற்றவுணர்வும் துயரத்தோடு சேர்ந்துகொள்கின்றன. அந்த வீட்டில் இன்னொரு பூனைக்கு இடம் உண்டா? இந்த எளிய வினாவை உலக இலக்கியத்தில் சிலர் பொருட்படுத்தி எழுதியிருக்கிறார்கள். அவர்களுள் மூவரை இங்கே எடுத்துக்கொண்டு, அவர்கள் எழுத்து இவ்வினாவுக்கு எவ்வளவு தூரம் உண்மையாக இருக்கிறது என்று ஆராய முற்படுகிறோம்.

மறைமாவட்ட இதழில் பூனைக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கக்கூடும். வீட்டுப் பூனையைத் திருவிவிலியம் ஏறத்தாழ மறந்தே விட்டது. பாரூக்கு நூலின் ஆறாம் அதிகாரமாக அமைந்துள்ள எரேமியாவின் மடலில் மட்டும் அது தலைகாட்டுகிறது; பாபிலோனியச் சிலைகளின்மேல் வௌவால்களோடும் பறவைகளோடும் உரிமையாய் ஏறி அமர்கிறது. சீர்திருத்த சபையினரின் விவிலியத்தில் அந்நூல் இல்லையாதலால், பூனை புகுந்திருப்பது நம் கைகளில் உள்ள விவிலியத்திற்குள் மட்டுமே என்று சற்றுப் புன்னகையோடு சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் மனிதன் ஒரு பிராணியை வீட்டு உயிராகவே கருதி அன்பு செய்வதை இறைவாக்கு நன்கு அறியும். தாவீதின் பாவத்தை உணர்த்த வந்த நாத்தான் சொன்ன கதையில் வரும் ஏழையிடம் ஒரே ஓர் ஆட்டுக்குட்டிதான் இருந்தது. அது அவன் பிள்ளைகளோடு வளர்ந்தது. அவன் உணவில் உண்டது. அவன் கிண்ணத்தில் பருகியது. அவன் மடியில் உறங்கியது. அவனுக்கு மகளைப்போல் இருந்தது. செல்வன் அதைப் பறித்தான் என்று கேட்டதும் தாவீது சினந்து, நான்கு மடங்கு ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பிடுகிறான். சட்டம் அத்துடன் நிறைவு பெறுகிறது. ஆனால் நான்கு ஆடுகள் வந்து நின்றாலும் அந்த ஏழையின் மடியில் உறங்கிய ஒன்று திரும்பாது என்பதைக் கதையைக் கேட்ட எவரும் அறிவர். நம் வினாவின் முள் அங்கேதான் இருக்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு இப்பொருளில் இரு பக்கமும் பேசுகிறது. விலங்குகள் இறைவனின் படைப்புகள், அவை இருப்பதாலேயே அவரை மகிமைப்படுத்துகின்றன, எனவே மனிதர் அவற்றுக்குப் பரிவு காட்டக் கடமைப்பட்டவர் என்கிறது 2416ஆம் எண். புனித அசிசி பிரான்சிசுவையும் புனித பிலிப்பு நேரியையும் அது சான்றாகக் காட்டுகிறது. 2418ஆம் எண்ணோ, விலங்குகளை அன்பு செய்யலாம், ஆயினும் மனிதருக்கு மட்டுமே உரிய அன்பை அவற்றின்மேல் திருப்பலாகாது என்று எல்லை வகுக்கிறது. துயருறுபவரை எள்ளி நகையாடவும் கூடாது. துயரத்திற்குப் பீடம் அமைத்து வணங்கவும் கூடாது. மூன்று எழுத்துகளையும் அளக்க இந்த அளவுகோலே நமக்குப் போதும்.

*

முதலாமவர் ஆங்கில நாவலாசிரியரும் கவிஞருமான தாமஸ் ஹார்டி (1840–1928). இங்கிலாந்தின் டார்செஸ்டர் நகரை ஒட்டி, தாமே வரைபடம் போட்டுக் கட்டிய மேக்ஸ் கேட் என்னும் இல்லத்தில் அவர் வாழ்ந்தார். 1904இல் அவ்வீட்டின் வெள்ளைப் பூனை இருப்புப்பாதையில் அடிபட்டு இறந்தது. அதன் பெயர் 'பனிப்புறா' என்று பொருள்படும். அதன் நினைவாக அவர் எழுதிய கவிதைக்கு, வாய்பேசா நண்பனுக்குச் சொன்ன இறுதிச் சொற்கள் என்பது தலைப்பு.

கவிதையின் முற்பகுதி முழுவதும் சூளுரை. இனி ஒரு செல்லப் பிராணி எனக்கு வேண்டாம். உன் இடம் வெறுமையாகவே இருக்கட்டும் என்கிறார் கவிஞர். அதற்கு அவர் காட்டும் காரணம் கூர்ந்து நோக்கத்தக்கது. முடிந்துபோகும் என்று தெரிந்த ஒன்றின்மேல் அன்பு வைப்பதைவிட வைக்காமலே இருப்பது மேல் என்கிறார். பிறகு அதன் சுவடுகளையெல்லாம் அழித்துவிடத் துணிகிறார். பைன் மரப்பட்டையில் அது பதித்த நகக்கீறல்களைக்கூடத் தேய்த்து மறைக்க நினைக்கிறார்.

அந்தச் சூளுரையில் துயரம் இருக்கிறது. ஆனால் அது இறந்த பூனைக்குச் செய்யும் மரியாதையாக நமக்குத் தோன்றவில்லை. தனக்கு மீண்டும் வலிக்கக்கூடாது என்பதற்காக மனிதன் தன்னைச் சுற்றி எழுப்பிக்கொள்ளும் மதில் அது. இதே தருக்கத்தை விரித்தால் மனித உறவு எதையும் நாம் ஏற்க இயலாது. முடிவில்லாத அன்பு என்பது இறைவனுக்குரியது. மனிதர் கைக்கொள்ளும் அன்பு ஒவ்வொன்றும் பிரிவை அறிந்தே தொடங்குகிறது. திருமண வாக்குறுதியிலேயே சாவைப் பற்றிய நினைவு இடம்பெற்றிருக்கிறது அல்லவா?

கவிதையின் பெருமை அதன் பிற்பகுதியில் உள்ளது. சுவடுகளை அழிக்க வந்த கவிஞரால் அழிக்க முடியவில்லை. நம் ஆணைக்கு அடங்கி, நம் கையில் உண்டு வாழ்ந்த ஒரு சிறு உயிர், ஒரே மூச்சில் சாவுக்குள் கடந்து சென்றதும் நம் விருப்பத்துக்கெல்லாம் எட்டாத பெருமையை அடைந்துவிடுகிறதே என்று அவர் வியக்கிறார். சன்னல் திண்டில் அது தாவி ஏறுவதாகவே இன்னும் அவருக்குத் தோன்றுகிறது. அதே சன்னல் வழியே மரத்தடியில் சிறு மண்மேடும் தெரிகிறது. நம்பிக்கையை இளமையிலேயே இழந்துவிட்ட ஒருவர், ஓர் எளிய உயிரின் சாவின்முன் தம்மையறியாமல் தலைதாழ்த்தி நிற்கும் இடம் இது. படைப்பு எதுவும் மனிதனின் பயன்பாட்டோடு முடிந்துவிடுவதில்லை என்று 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலில் எழுதியதை நாம் இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

இக்கவிதை நூல் வடிவில் வெளிவந்தது 1922இல்தான். அப்போது அதே மேக்ஸ் கேட் இல்லத்தில் வெசெக்ஸ் என்னும் நாய் ஓடியாடிக்கொண்டிருந்தது. அது அங்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. கவிஞரின் இறுதிக் காலத்தில் ஒரு பூனையும் வந்து சேர்ந்தது. சூளுரை அச்சேறிய வேளையில் அது வீட்டுக்குள் ஏற்கெனவே முறிந்து கிடந்தது. இதைக் கவிஞரின் முரண்பாடு என்று கேலி செய்ய நாம் விரும்பவில்லை. கவிதை பொய்த்த இடத்தில் வாழ்க்கை மெய்யாயிற்று என்றே கொள்கிறோம்.

*

இரண்டாவது, டோரிஸ் லெஸ்ஸிங் 1967இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட, பூனைகளைப் பற்றிய சிறுநூல். பாரசீகத்தில் பிறந்து, இன்று ஜிம்பாப்வே எனப்படும் தெற்கு ரொடீசியாவில் ஒரு பண்ணையில் வளர்ந்து, 1949இல் இலண்டன் வந்து சேர்ந்தவர் அவர், 2007இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றார், 2013இல் மறைந்தார்.

பூனைப் பிரியர்களை மகிழ்விக்கும் நூல் என்று எண்ணி இதைத் திறப்பவர் முதல் பக்கங்களிலேயே திடுக்கிடுவர். பண்ணையில் அளவின்றிப் பெருகும் குட்டிகளை அகற்றும் கொடிய வேலை தாயின் தலையில் விழுகிறது. ஓர் ஆண்டு அவர் அதைச் செய்ய மறுத்துவிடுகிறார். வீட்டைச் சுற்றி ஏறத்தாழ நாற்பது பூனைகள் திரிகின்றன. தாய் ஊரில் இல்லாத நாள்களில் தந்தை, தம் பழைய போர்க்காலத் துப்பாக்கியை எடுக்க நேர்கிறது. சிறுமி அதற்குச் சாட்சி. பொறுப்பில்லாத இரக்கம் எங்கே போய் முடியும் என்பதை இதைவிட நேராகச் சொன்ன எழுத்தை நாம் படித்ததில்லை. ஒரு பூனையை ஏற்பது என்றால் அதன் உணவையும் இனப்பெருக்கத்தையும் நோயையும் சேர்த்தே ஏற்பது என்னும் பாடம் இந்நூலின் அடித்தளம்.

அச்சிறுமிக்குப் பதினொரு வயதானபோது நீலச் சாம்பல் நிறப் பாரசீகப் பூனை ஒன்று அவளுக்கென்று வாய்க்கிறது. அவள் நோயுற்றுக் கிடந்த நாள்களில் படுக்கையையும் தலையணையையும் பகிர்ந்துகொண்ட உயிர் அது. துணி துவைக்கும் கொட்டகையில் கொதிநீர்த் தொட்டிக்குள் விழுந்து, மீட்கப்பட்டு, குளிர்காற்றில் நடுங்கி, நுரையீரல் அழற்சி கண்டு, அவள் கைகளிலேயே இறந்துபோகிறது. இனி ஒருபோதும் இல்லை என்று அவள் முடிவு செய்கிறாள். அம்முடிவு இருபத்தைந்து ஆண்டுகள் நீடித்தது. அதன் பின் கண்ட கடைப்பூனை, தெருப்பூனை, நண்பர் வீட்டுப் பூனை அனைத்தையும் அந்த ஒன்றோடு ஒப்பிட்டு ஒதுக்கியதாக அவரே எழுதுகிறார்.

ஹார்டியின் சூளுரையைவிட இது ஆழமானது, ஆகவே ஆபத்தானதும்கூட. இறந்த பூனை இங்கே எல்லாப் பூனைகளையும் அளக்கும் அளவுகோலாகிவிடுகிறது. பாரூக்கு நூலில் பூனைகள் சிலையின்மேல் ஏறி அமர்ந்தன. இங்கோ பூனையே சிலையாகிறது. நினைவுக்குச் செலுத்தும் நன்றி எந்தப் புள்ளியில் சிலைவழிபாடாக மாறுகிறது? உயிரோடு எதிரே நிற்கும் ஒன்றைப் பார்க்க முடியாதபடி இறந்த ஒன்று நம் கண்ணை மறைக்கத் தொடங்கும் புள்ளியில் என்று நாம் சொல்வோம்.

நூலின் பெரும்பகுதி, அந்த இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் இலண்டன் வீட்டில் வாழ்ந்த இரு பூனைகளைப் பற்றியது. சாம்பல் பூனை அழகி, செருக்குடையவள், தாய்மையில் நாட்டமில்லாதவள். கறுப்புப் பூனையோ பிறவித் தாய். ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. இரண்டுமே பழைய பாரசீகப் பூனையைப் போலவும் இல்லை. அவற்றின் பொறாமை, பேரம், படிநிலைச் சண்டை ஆகியவற்றை லெஸ்ஸிங் ஒரு நாவலாசிரியரின் கண்ணோடு பதிவு செய்கிறார்.

ஒரு கட்டத்தில் கறுப்புப் பூனை கடும் நோயில் விழுகிறது. உடலின் நீர் வற்றி, குளிர்ந்த மண்ணைத் தேடித் தோட்டத்துச் சுவரோரம் சென்று குந்திக்கொள்கிறது. சாக முடிவு செய்த பூனை அப்படித்தான் செய்யும். அவர் அதைத் தூக்கிவந்து வீட்டுக்குள் வைக்கிறார். அது மீண்டும் சுவரோரம் போகிறது. மீண்டும் தூக்கி வருகிறார். சொட்டுச் சொட்டாக நீர் புகட்டி, உடலைத் தடவிக்கொடுத்து, இரவும் பகலும் அதை வாழ்வின் பக்கம் இழுக்கிறார். அது பிழைத்துக்கொள்கிறது. பதினொரு வயதில் ஓர் உயிர் சாவதைப் பார்த்திருக்க மட்டுமே முடிந்த ஒருத்திக்கு, இப்போது செய்வதற்கு வேலை இருக்கிறது. பழைய காயத்தை ஆற்றியது மறதி அன்று. இன்னோர் உயிருக்குச் செய்த பணிவிடை. நூலின் சிகரம் இந்த அதிகாரமே என்பது நம் கருத்து.

இந்நூலுக்கு ஒரு குறையும் உண்டு. பூனைகள் இவ்வளவு தெளிவாகத் தெரியும் வீட்டில் மனிதர்கள் நிழல்களாகவே வந்து மறைகிறார்கள். மறைக்கல்வி ஏடு வகுக்கும் எல்லை நமக்கு இங்கே நினைவுக்கு வருகிறது. பூனையைக் கூர்ந்து பார்ப்பதில் தவறில்லை. அருகில் இருப்பவர் மங்கிப்போவதுதான் கவனிக்க வேண்டியது.

*

மேற்கண்ட இரு எழுத்துகளிலும் இறப்புக்குக் காரணம் விபத்து. தொற்றுநோய் காரணமானால் 'இனி வேண்டாம்' என்பதற்குப் புறத்தேயும் ஒரு காரணம் சேர்ந்துவிடுகிறது. அது எவ்வளவு தூரம் செல்லும் என்று தெளிவது, இலக்கியத்தைப் படிப்பதற்கும் உதவும்.

பூனைக்குட்டிகளைச் சில நாள்களிலேயே கொன்றுவிடும் பான்லூகோபீனியா என்னும் நோய், பார்வோ வகை வைரஸால் வருவது. குடலையும் எலும்பு மச்சையையும் தாக்கி, இரத்தத்தின் வெள்ளணுக்களைக் குறைத்துவிடுகிறது. வாந்தியும் கழிச்சலும் கண்டு குட்டி துவண்டுபோகிறது. நோயுற்ற பூனை கிடந்த தரையிலும் துணியிலும் கிண்ணத்திலும் இந்த வைரஸ் பல மாதங்கள், ஓராண்டு வரைகூட, உயிர்ப்போடு இருக்கக்கூடும். காலணியிலும் உடையிலும் ஒட்டிக்கொண்டு வீடுவிட்டு வீடு செல்லும். வழக்கமான சோப்பும் சாராயக் கலவையும் இதை அழிப்பதில்லை. நீர்த்த பிளீச்சிங் கரைசல் அழிக்கும். கழுவ இயலாத பாய், மெத்தை போன்றவற்றை அப்புறப்படுத்திவிட வேண்டும். புதிய பூனை வீட்டுக்குள் வருமுன் அதற்குத் தடுப்பூசிகள் முழுமையாகப் போடப்பட்டிருக்க வேண்டும்.

எல்லாத் தொற்றும் ஒரே தன்மையதன்று. 1964இல் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட் குழுவினர் கண்டறிந்த பூனை லுக்கேமியா வைரஸ், உடலுக்கு வெளியே சில மணி நேரத்துக்குமேல் நிலைப்பதில்லை. அங்கே வீட்டைப் பற்றிய அச்சம் குறைவு. ஆனால் எச்சிலால் பரவுவதாகையால், அதே கிண்ணத்தில் உண்ட மற்றப் பூனைகளுக்கு இரத்தப் பரிசோதனை செய்து பார்த்த பிறகே புதிய ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஆகவே எந்த நோய் என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டறிவதே முதல் வேலை. மருத்துவர் சொல்லும் விடையில் பெரும்பாலும் 'ஒருபோதும் வேண்டாம்' என்பதும் இராது. 'நாளைக்கே கொண்டுவாருங்கள்' என்பதும் இராது. தூய்மை செய்யுங்கள், காத்திருங்கள், தடுப்பூசி போட்ட பின் அழைத்து வாருங்கள் என்பதே அதன் சாரம்.

இந்த நடுவழியை லேவியர் நூல் முன்பே அறிந்திருக்கிறது. அதன் 14ஆம் அதிகாரம் சுவரில் நோய்க்குறி கண்ட வீட்டைப் பற்றிப் பேசுகிறது. குரு வந்து பார்த்து வீட்டை ஏழு நாள் பூட்டிவைக்கிறார்; நோய் பரவியிருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்தெடுத்து வேறு கற்களை வைக்கச் செய்கிறார்; சுவரைச் சுரண்டிப் புதிதாகப் பூசச் சொல்கிறார்; நோய் திரும்பவில்லை எனில் வீடு தூயது என்று அறிவிக்கிறார். நோய் மறுபடி தோன்றினால் மட்டுமே வீடு இடிக்கப்படும். நோய் வந்த வீட்டை உடனே கைவிடச் சட்டம் சொல்லவில்லை. நோய் வராததுபோல் குடியிருக்கவும் சொல்லவில்லை. பூட்டிய கதவுக்கும் திறக்கும் கதவுக்கும் இடையே அது ஒரு காலத்தை வைத்தது.

குற்றவுணர்வுக்கும் இதுவே மருந்தாகலாம். தடுப்பூசி போடத் தெரியாமல் ஒரு குட்டியை இழந்தவர், அடுத்த குட்டிக்குத் தவறாமல் போடுவாராயின் அந்த அறியாமை அங்கே முடிவுக்கு வருகிறது. இனி எதையும் வளர்ப்பதில்லை என்று இருந்துவிடுபவரின் வருத்தம், செல்ல வழியின்றி அவருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

*

மூன்றாவது எழுத்து ஜப்பானிலிருந்து வருவது. உச்சிதா ஹியாக்கென் (1889–1971), 'நான் ஒரு பூனை' என்னும் புகழ்பெற்ற நாவலை எழுதிய நட்சுமே சோசெகியின் மாணவர். அந்த நாவலுக்கு மூலமாயிருந்த பூனை 1908இல் இறந்தபோது சோசெகி தம் நண்பர்களுக்கு இரங்கல் அட்டை அனுப்பினார் என்பது ஜப்பானிய இலக்கிய வரலாற்றில் நிலைத்துவிட்ட செய்தி. மாணவர் ஆசிரியரை விஞ்சினார்.

ஜெர்மன் மொழிப் பேராசிரியராய் இருந்து ஓய்வுபெற்ற ஹியாக்கென் வீட்டுக்கு ஒரு தெருப்பூனையின் குட்டி வந்து சேர்ந்தது. தெருப்பூனையைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லிலிருந்தே அதற்கு 'நோரா' என்று பெயரிட்டார். 1957 மார்ச் 27 அன்று தோட்டத்தின் வழியே வெளியே சென்ற நோரா திரும்பவில்லை. அறுபத்தேழு வயது முதியவர் சிறு பிள்ளைபோல் அழுதார். துண்டறிக்கைகள் அச்சிட்டு அக்கம்பக்கமெல்லாம் வழங்கினார். அப்பகுதியில் வாழ்ந்த வெளிநாட்டினருக்கென்று ஆங்கிலத்திலும் அச்சிட்டார். இவற்றையெல்லாம் நாள்குறிப்புபோல எழுதிக்கொண்டே சென்றார். அதே ஆண்டில் அது நூலாயிற்று. அந்நூலின் தலைப்பே நோராவைப் பெயர் சொல்லி அழைக்கும் ஒரு குரல்.

படிக்கும்போது இந்த அழுகை நமக்கு அளவு மீறியதாகவே படுகிறது. மறைக்கல்வி ஏட்டின் எல்லைக் கோட்டை இவர் தாண்டிவிட்டாரோ என்றும் ஐயுறுகிறோம். ஆனால் இவருடைய வாழ்க்கையை அறிந்தவர் தீர்ப்பைச் சற்றுத் தள்ளிவைப்பர். 1945 மே மாத வான்தாக்குதலில் டோக்கியோவில் இவர் வீடு எரிந்து சாம்பலானது. அதன்பின் ஒரு சிறு குடிசையில் மனைவியோடு ஆண்டுக்கணக்கில் காலந்தள்ளினார். அந்நாள்களைப் பற்றிய இவர் எழுத்தில் முறையீட்டைவிட நகைச்சுவையே மிகுதி. நகரமே எரிந்தபோது சிந்தாத கண்ணீர், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு பூனை போன வழியில் வெளிவந்தது என்று நாம் வாசிக்கிறோம். சிறிய இழப்புக்கு ஒருவர் பெரிதாக அழும்போது, அந்தக் கண்ணீரில் எத்தனை பழைய கடன் அடைபடுகிறது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. பூனைக்காகவா இவ்வளவு என்று கேட்பதற்குமுன் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

பின்னர் அதே தோட்டத்தின் வழியே மற்றொரு பூனை வந்தது. அது பார்ப்பதற்கு நோராவைப் போலவே இருந்தது. வால் மட்டும் குட்டை. நோராவின் இடத்தில் நோரா என்றே அதை அழைத்துவிட எத்தனையோ பேருக்குத் தோன்றியிருக்கும். ஹியாக்கென் அப்படிச் செய்யவில்லை. ஜெர்மன் மொழியில் 'குட்டை' என்று பொருள்படும் 'குர்ட்ஸ்' என்னும் சொல்லை அதற்குப் பெயராக வைத்தார். நாளடைவில் அது 'குரு' என்று சுருங்கியது. முந்தையதைப் போன்றிருந்த ஒன்றுக்கு, முந்தையதிலிருந்து எதில் வேறுபட்டதோ அதையே பெயராக்கிய இச்செயல் நம்மைப் பெரிதும் ஈர்க்கிறது. வேடிக்கையாக வைத்த பெயர்தான். எனினும் அதற்குள் ஒரு நீதி இருக்கிறது: நீ அவன் இல்லை, நீ நீயாகவே இந்த வீட்டில் இருக்கலாம் என்று வந்த உயிருக்கு அது சொல்கிறது.

குரு வந்த பிறகும் அவர் நோராவுக்காகக் காத்திருப்பதை விடவில்லை. நோரா இன்னும் வரவில்லையே என்று தொடர்ந்து எழுதினார். காத்திருந்ததால் குருவின்மேல் வைத்த அன்பும் குறையவில்லை. 1962 ஆகஸ்டில் குரு நோயுற்றபோது கால்நடை மருத்துவரை வரவழைத்து அருகிலிருந்து பார்த்துக்கொண்டார். அது இறந்தபோது அதற்கென்று தனியே அழுதார், தனியே எழுதினார். இரண்டு பூனைகள், இரண்டு துயரங்கள். ஒன்று மற்றொன்றை விழுங்கவில்லை.

அகிரா குரோசாவா தம் கடைசித் திரைப்படமான 'மாதாதயோ'வை (1993) இந்தப் பேராசிரியரின் வாழ்க்கையைக் கொண்டே அமைத்தார். 'இன்னும் இல்லை' என்பது தலைப்பின் பொருள். நோரா காணாமற்போகும் பகுதி அதில் விரிவாகவே இடம்பெறுகிறது. பழைய மாணவர்கள் தங்கள் வேலையையெல்லாம் விட்டுவிட்டு ஆசிரியரின் பூனையைத் தேடி அலையும் காட்சிகளில், லெஸ்ஸிங்கிடம் நாம் காணாத மனித உறவு நிறைந்து நிற்கிறது. ஆயினும் புதிய பூனை வந்ததும் துயரப்படலத்தைப் படம் சற்று விரைவாகவே மூடிவிடுகிறது. மூல எழுத்திலோ குருவின் வருகைக்குப் பின்னும் நோராவுக்கான கதவு மூடப்படவில்லை. இந்த ஒரு புள்ளியில் எழுத்தே திரையைவிட உண்மையானது.

*

ஈடு செய்தலைப் பற்றித் திருவிவிலியம் பேசும் தலைசிறந்த இடம் யோபு நூலின் இறுதி அதிகாரம். யோபு இழந்த கால்நடைகள் கணக்கிட்டு இரட்டிப்பாகத் தரப்படுகின்றன. ஏழாயிரம் ஆடுகள் பதினான்காயிரம் ஆகின்றன. மூவாயிரம் ஒட்டகங்கள் ஆறாயிரம் ஆகின்றன. ஆனால் பிள்ளைகள் மட்டும் இரட்டிப்பாகவில்லை. முன்போலவே ஏழு புதல்வர், மூன்று புதல்வியர். முன்னைய பிள்ளைகள் இறைவன் முன்னிலையில் இழக்கப்படாதவர்கள் என்பதால் அவர்களையும் சேர்த்தே இரட்டிப்பு என்று இதற்கு விளக்கம் சொல்வோர் உண்டு. நாம் கவனிக்க விரும்புவது மற்றொன்று. முதலில் இருந்த புதல்வியரின் பெயர்கள் நூலில் இல்லை. பின்னர் பிறந்த மூவருக்கும் பெயர்கள் தரப்பட்டுள்ளன. அவர்களுடைய அழகு பேசப்படுகிறது. சகோதரரோடு அவர்களும் உரிமைச்சொத்துப் பெறுகிறார்கள். பின்னர் வந்தவர்களை முன்னர் இருந்தவர்களின் நிழலாக விவிலியம் காட்டவில்லை.

மனிதப் பிள்ளைகளையும் பூனைகளையும் ஒரே தட்டில் வைக்க நாம் முயலவில்லை; யோபு நூலே கால்நடைகளை எண்ணுகிறது, பிள்ளைகளை வேறுவிதமாகக் கூறுகிறது. ஆனால் நாத்தானின் ஏழையிடம் இருந்த ஆட்டுக்குட்டி எந்த மந்தைக் கணக்கிலும் அடங்காதது. மடியில் உறங்கிய உயிருக்கு எண்ணிக்கையால் ஈடு இல்லை. அந்த ஏழைக்குப் பின்னொரு நாளில் இன்னோர் ஆட்டுக்குட்டி கிடைத்திருந்தால், அதுவும் அவன் கிண்ணத்தில் பருகியிருக்கும். ஆனால் அது வேறோர் ஆட்டுக்குட்டியாய் இருந்திருக்கும்.

இந்த அளவில் மூவரையும் நிறுத்திப் பார்க்கும்போது, ஹார்டி இறந்த பூனையின் மாண்பை உணர்த்தினார். வருகிற பூனைக்கு அவர் கவிதையில் இடமில்லை. லெஸ்ஸிங் வந்த பூனைகளின் முகத்தை முழுமையாகத் தீட்டினார். அதற்கு அவருக்கு இருபத்தைந்து ஆண்டுகள் தேவைப்பட்டன. கலைத்திறனில் மூவருள் லெஸ்ஸிங்கின் நூலே உயர்ந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும் அழுது, பிதற்றி, நகைப்புக்கிடமான அந்த ஜப்பானிய முதியவர்தான், போனதற்காகக் காத்திருப்பதையும் வந்ததை வரவேற்பதையும் ஒரே வீட்டில் செய்து காட்டினார்.

தொற்றுநோயால் பூனையை இழந்த வீட்டில் குழந்தைகள் இருப்பின், சில மாதங்கள் கழித்துப் புதிய குட்டி ஒன்று வரும்போது, "இது அதற்குப் பதிலா?" என்று கேட்பார்கள். "பதில் அன்று, அதற்குப் பின் வந்தது" என்று பெற்றோர் சொல்லலாம். பழைய பெயரைப் புதியதற்குச் சூட்டாமல், அந்தக் குட்டியின் வாலையோ நிறத்தையோ குறும்பையோ சில நாள்கள் பார்த்திருந்து பெயர் வைக்கும் வேலையைக் குழந்தைகளிடமே விட்டுவிடுவது நல்லது. தடுப்பூசி அட்டையில் அந்தப் பெயரை எழுதிவைக்கலாம்.